சிறு குறைகளும் உள்ளத்தின் நிறைவும்

வசதிகள் நிறைந்த ஓர் இல்லம். மாலையில் விருந்தினர் வந்திருக்கிறார். வீட்டுத் தலைவர் தமது 'துன்பங்களை'ச் சுவையாக எடுத்துரைக்கிறார். குளியலறைக் குழாயில் வெந்நீர் வர முழுதாக ஒரு நிமிடம் ஆகிறது. செய்தித்தாள் நாள்தோறும் வாசற்படிக்கு இரண்டடி தள்ளியே விழுகிறது. தொலைக்காட்சியில் நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் இருந்தும் பார்க்கத் தக்கது ஒன்றுமில்லை. "இத்தனையையும் தாங்கிக்கொண்டு வாழ்கிறேன், பாருங்கள்!" என்கிறார். அனைவரும் சிரிக்கின்றனர். இல்லத்தரசியும் தம் பங்குக்கு, "ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணம் வைக்க இடமில்லை" என்கிறார்.

அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பணிப்பெண் இதைக் கேட்டுக் கையைத் துடைத்தபடி வந்து, "இப்போதே ஒழித்துத் துடைத்து வைத்துவிடட்டுமா, அம்மா?" என்று கேட்கிறார். அவர் புறப்பட வேண்டிய நேரம் கடந்து வெகுநேரமாகிவிட்டது. அவரது வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. கூடத்தில் சிரிப்பு அடங்குகிறது.

இக்காட்சியில் தீயவர் எவரும் இல்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது: வேடிக்கைக்காகக் குறைப்பட்டுக்கொள்வதில் தவறு உண்டா?

சிரிப்பின் இரு முகங்கள்

துன்பம் வரும்போது அதைக் கண்டு நகைக்கும்படி 'இடுக்கண் அழியாமை' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுத்துகிறார். தன் மனத்தின் சிறுமையைக் கண்டு தானே சிரிப்பவனிடம் அகங்காரம் சற்றுத் தளர்கிறது. அத்தகைய சிரிப்பு நன்மையே தரும்.

ஆனால் சொல்லிச் சொல்லி வேடிக்கையே வழக்கமாகிவிடுவதும் உண்டு. முதல் நாள் வெந்நீர் வசதியாக இருந்தது. மறு மாதம் தேவையாயிற்று. மறு வருடம் உரிமையாயிற்று. உரிமை ஒரு நிமிடம் தாமதித்தாலும் மனம் புண்படுகிறது. மகனின் இளமையையே பெற்று நெடுங்காலம் இன்பம் துய்த்த யயாதி மன்னன், துய்ப்பதால் ஆசை அடங்குவதில்லை என்று இறுதியில் உணர்ந்ததாக மகாபாரதம் கூறுகிறது. வசதிகள் பெருகப் பெருகக் குறைகள் ஏன் குறைவதில்லை என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

பொறுமை என்னும் செல்வம்

குளிரும் வெப்பமும் இன்பமும் துன்பமும் வந்து போகக்கூடியவை, அவற்றைப் பொறுத்துக்கொள் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறார். வேதாந்தம் கூறும் ஆறு நற்பண்புகளுள் ஒன்றான திதிக்ஷை இதுவே: கவலையும் புலம்பலும் இன்றித் தாங்கிக்கொள்ளுதல்.

இல்லறத்தான் ஒழுகும் குழாயைப் பழுதுபார்க்கக் கூடாது என்பதன்று இதன் பொருள். பழுதுபார்ப்பது கடமை. ஆனால் புலம்பல் அந்தப் பழுதைச் சரிசெய்வதில்லை. உள்ளத்தில் புதியதொரு பழுதை உண்டாக்குகிறது.

நகபத்தில் வாழ்ந்த அன்னை

தட்சிணேசுவரத்திற்கு 1872-இல் முதன்முறையாக வந்த அன்னை ஸ்ரீசாரதாதேவி, அங்கிருந்த காலத்தில் பெரும்பகுதியை நகபத்தின் கீழறையில் கழித்தார். அதன் பரப்பு 50 சதுர அடிக்கும் குறைவு. வாசல் மிகத் தாழ்வானது. பழகும்வரை தலையில் பலமுறை இடித்துக்கொண்டார். மளிகைப் பொருள்களும் பாத்திரங்களும் அந்த அறைக்குள்ளேயே இருந்தன. பக்தைகள் வந்தால் அவர்களும் அங்கேயே தங்கினர். அந்த நாட்களை அன்னை பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபோது, தாம் ஆனந்தமாக இருந்ததாகவே சொன்னார். அறை சிறியதாக இருந்தது. உள்ளத்தில் இடத்திற்குக் குறைவில்லை.

கேட்பவர் யார்?

குறையை வெளியிடும்முன் அதைக் கேட்பவர் யார் என்று ஒரு கணம் எண்ணுவது நல்ல சாதனை. "காபி ஆறிவிட்டது" என்பது சொல்பவருக்கு வெறும் சொல். அதிகாலையில் எழுந்து அதைக் கலந்தவருக்கோ அது தீர்ப்பு. விளையாட்டாக வீசப்படும் குறை பெரும்பாலும் வீட்டில் மிக அதிகமாக உழைப்பவரின் தோள்மீதே போய் விழுகிறது.

அன்று மாலை அந்த இல்லத்தரசி எழுந்து, "வேண்டாம், அம்மா. நேரமாகிவிட்டது, நீங்கள் வீட்டுக்குப் புறப்படுங்கள்" என்று பணிப்பெண்ணை அனுப்பிவைத்தார். பிறகு தாமே ஃபிரிட்ஜைத் திறந்து ஒழுங்குபடுத்தினார். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. கிண்ணத்திற்கு இடம் கிடைத்துவிட்டது. பணிப்பெண்ணின் களைப்பை உணர அவர் உள்ளத்திலும் அன்று சிறிது இடம் பிறந்தது. இல்லறத்தில் தவம் இவ்வாறுதான் தொடங்குகிறது.