ஆடியும் சாட்சியும்

“கண்ணால் கண்டேன்” என்று ஒருவர் கூறும்போது அவர் கூறுவது என்ன? ரமலான் பிறையும் ஷவ்வால் பிறையும் எதிர்பார்க்கப்படும் மாலைகளில் இவ்வினா ஏட்டை விட்டிறங்கி நம் வீட்டு முற்றத்துக்கே வந்துவிடுகிறது. ஒரே கூரையின்கீழ் அண்ணன் நோன்போடும் தம்பி பெருநாள் உடையோடும் நிற்பதைப் பல குடும்பங்கள் அறியும். ஒருவர் கண்டதாகச் சொன்ன பிறையை மற்றவர் ஏற்கவில்லை, அவ்வளவே காரணம். இவ்விருவருக்கும் இடையே இப்போது தொலைநோக்கி என்னும் கருவியும் வந்து நிற்கிறது. அதன் வழியே கண்டது கண்டதாகுமா? ஃபத்வா வழங்குவது முஃப்திகளின் பொறுப்பு. ஆயின் கருவியின் இயல்பை அறியாமலே அதற்குச் சார்பாகவும் எதிராகவும் வழக்காடுவோர் பெருகிவிட்டமையால், அவ்வியல்பைச் சிறிது ஆராய்தல் நலம்.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், இஹ்யாவில் மனித உள்ளத்தை ஆடிக்கு ஒப்பிடுகின்றார்கள். ஆடியில் உருவம் தோன்றாமைக்கு அவர்கள் காட்டும் காரணங்கள் ஐந்து: ஆடி இன்னும் ஆடியாக வடிவம் பெறாமை, அதன்மேல் படிந்த துரு, அது வேறு பக்கம் திரும்பியிருத்தல், இடையே ஒரு திரை, காண வேண்டிய பொருள் எத்திசையில் உள்ளதென்று அறியாமை. உள்ளத்தைக் குறித்துச் சொல்லப்பட்ட இவ்வைந்தும், கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கோரத்துத் தேவாரத்தில், ஒரு மொட்டைமாடியில் ஆடித் தொலைநோக்கியை நிறுத்துபவருக்கு அப்படியே பொருந்துகின்றன.

வடிவத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நியூட்டன் 1668இல் செய்த முதல் ஆடித் தொலைநோக்கி கைக்கு அடக்கமான சிறு கருவி. இன்று ஆர்வலர்கள் தம் கையாலேயே அதனினும் பெரிய ஆடியைத் தேய்த்துக்கொள்கின்றனர். இரு வட்டக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவே கார்போரண்டம் தூளும் நீரும் இட்டுப் பல நாள் தேய்த்தால் மேற்கண்ணாடி குழிகிறது; கீழ்க்கண்ணாடி குவிகிறது. அக்குழிவைப் பரவளைய வடிவுக்குக் கொணர்வதே கடினம். ஒளிக்கதிர்களை ஒரே புள்ளியில் சேர்க்கும் அவ்வடிவைக் குறித்து, எரிக்கும் ஆடிகளைப் பற்றிய தம் நூலில் இப்னுல் ஹைஸம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பெருமை பேசுவதற்காக அன்று, தேய்க்கும் ஆசை பிறப்பதற்காக. நல்ல ஆடியில் பிழை ஒரு மில்லிமீட்டரின் ஏறத்தாழப் பதினாலாயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது.

இரண்டாவது, துரு. இங்கேதான் உவமை சற்று விலகுகிறது. அன்றைய ஆடி இரும்பு. தேய்க்கத் தேய்க்க ஒளிரும். இன்றைய ஆடியோ கண்ணாடிமேல் பூசிய அலுமினியப் படலம். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. அதன்மேல் தூசு படிந்தால் காட்சி பெரிதும் கெடுவதில்லை. அத்தூசைத் துணியால் அழுத்தித் துடைத்தாலோ, விழுந்த கீறல் மறுபடி பூசும்வரை நிலைத்துவிடும். ஆகவே பழகியவர்கள் ஆண்டுக்கணக்கில் கழுவாமலே விட்டுவைப்பர். கழுவ நேரின் முதலில் நீரை ஓடவிட்டு மணலைப் போக்கி, சிறிது சோப்பு கலந்த நீரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் அதன் சொந்த எடையிலேயே இழுத்து, இறுதியில் காய்ச்சி வடித்த நீர் வார்த்து, சாய்த்து நிறுத்தி உலரவிடுவர். பனி படிந்த ஆடியையும் துடைப்பதில்லை. தானே உலர்ந்தபின்தான் மூடுவர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே செல்லின் ஜவ்வாது மலையில் காவலூர் வான்நோக்கு நிலையம் உள்ளது. வேணு பாப்புவின் கனவாகிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் மறைந்தபின் 1986இல் அங்கே அவர் பெயர் பெற்றது. அத்துணைப் பேராடிக்கும் பூச்சு மங்கவே செய்யும். பழையதை நீக்கிப் புதிதாக அலுமினியம் பூசவே வேண்டும்.

சாட்சியை ஆராய்வோருக்கும் இது பொருந்தும் என்பது எம் கருத்து. சாட்சி நேர்மையானவரா என்று வினவுவது கழுவுதல் போன்றது. கண்டேன் என்று வந்த எளிய மனிதரை, அவர் எந்த ஜமாஅத், யாருடைய ஆள் என்று பத்துப் பேர் கூடித் துருவுவது அழுத்தித் துடைப்பது போன்றது. அடுத்த ஆண்டு அவர் பிறையைக் கண்டாலும் வாய் திறவார்.

மூன்றாவது, திசை திரும்புதல். ஜீப்பில் ஏற்றி ஒரு மேட்டுக்குக் கொண்டுபோனாலே ஆடிகள் அச்சு விலகிவிடும். சிற்றாடியையும் பேராடியையும் திருகுகளால் நேர்ப்படுத்தி, ஒரு விண்மீனைக் குவியத்திலிருந்து சற்று விலக்கிப் பார்த்தால், ஒரே மையங்கொண்ட வளையங்கள் தெரிய வேண்டும். வளையங்கள் ஒருபுறம் ஒதுங்கினால் இன்னும் நேர்ப்படவில்லை. வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த ஆடி வெளிக்காற்றின் குளிர்ச்சியை அடையும்வரை உருவம் அலையும். ஆனி ஆடி மாதங்களில் கணவாய் வழியே இறங்கும் காற்று குழாயையே உலுக்கும். தலைப்பிறை நாளில் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு: சூரியன் முற்றிலும் மறையுமுன் அப்பக்கம் கருவியைத் திருப்பினால் கண்ணே போய்விடும்.

நான்காவது திரை. தேவாரத்தாருக்கு அது மேற்குத் தொடர்ச்சி மலை. தலைப்பிறை சூரியன் மறையும் வேளையில் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்தே நிற்பதால், அம்மலைக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. எவ்வளவு பெரிய ஆடியும் மலையைத் துளைத்துப் பாராது. வியப்பென்னவெனில், அருகிலுள்ள பொட்டிபுரத்தில் இதே மலைத்தொடரைத் திரையாக வேண்டியே நியூட்ரினோ ஆய்வுக்கூடம் ஒன்று திட்டமிடப்பட்டது. மற்றக் கதிர்களை மறைக்க நாற்புறமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பாறை அதற்குத் தேவை. 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பின்னர் எதிர்ப்புகளாலும் வழக்குகளாலும் திட்டம் தடைப்பட்டது. அதன் நன்மை தீமை வேறு வழக்கு.

ஐந்தாவதாகிய திசையறிவு, கணக்கைச் சேர்ந்தது. பிறை இருக்கவே இயலாத மாலையில் கண்டேன் என்பவரின் சாட்சியத்தை ஏற்கலாகாது என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் தகிய்யுத்தீன் சுப்கி (ரஹ்) அவர்கள் எழுதினார்கள். நிலவு சூரியனிலிருந்து ஏழு பாகைக்குள் இருந்தால் பிறை தெரியாதென்பது பிரெஞ்சு வானியலார் டான்ஜோன் வகுத்த எல்லை. ஆயினும் 2013 ஜூலை 8இல் பிரான்சில் தியரி லெகோ என்பவர், அமாவாசைக் கணத்திலேயே, பட்டப்பகலில், அகச்சிவப்புக் கதிரால் பிறையைப் படம் பிடித்துவிட்டார். இப்போது வினா கூர்மையாகிறது. அதுவும் காண்பதுதானா?

அன்று என்றே கருதுகின்றோம். வீட்டுத் தொலைநோக்கி, கண்ணுக்கு வரும் ஒளியையே திரட்டிக் கண்ணுக்குத் தருகிறது, காண்பவர் மனிதரே. லெகோவின் படத்திலோ எந்த மனிதக் கண்ணுக்கும் எட்டாததைக் கருவி கண்டு நமக்கு வரைந்து காட்டுகிறது. அது அரிய அறிவு. ஆனால் பாமரரும் படித்தவரும் ஒரே வானத்தைப் பார்த்து மாதத்தைத் தொடங்கும் ஏற்பாட்டுக்குரிய பார்வை அன்று. இதனை மறுப்போரும் ஆலிம்களில் உளர். அவர்களும் ஆதாரத்தோடுதான் பேசுகின்றனர்.

இப்பள்ளத்தாக்கின் ராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் நுட்பமான ஒரு விதி உண்டு. வானம் மேகமூட்டமாயின் ரமலான் பிறைக்கு நேர்மையாளர் ஒருவரின் சொல்லும், ஷவ்வாலுக்கு இருவர் சாட்சியமும் போதும். வானம் தெளிவாயின் பெருங்கூட்டம் கண்டிருக்க வேண்டும். தெளிந்த வானில் ஒருவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்னும் ஐயமே இதற்கு அடிப்படை. அந்த ஒருவரிடம் தொலைநோக்கி இருந்தால் ஐயத்துக்கு ஒரு விடை கிடைக்கிறது. கூடவே புதிய பொறுப்பும் பிறக்கிறது. சாட்சியின் நேர்மையோடு ஆடியின் நேர்மையையும் நாம் வினவ வேண்டும். அன்று மாலை வளையங்களைப் பார்த்தீரா, ஆடி குளிர்ந்திருந்ததா, திருகு இறுகியிருந்ததா என்று கேட்பதில் அவமதிப்பு ஏதுமில்லை. கருவியைப் பேணுபவர் இக்கேள்விகளை மகிழ்ந்து வரவேற்பார்.

தேவாரத்தார் நிலையோ இன்னும் எளிது. மேற்கே மலை நிற்கும்வரை, மாடியில் எத்தகைய ஆடி இருந்தாலும் தலைப்பிறைக்கு அவர்கள் மேற்கு வானம் திறந்த வேற்றூரார் சொல்லையே எதிர்பார்த்திருக்க வேண்டும்.