ஐயமும் பணிவும்

ஆசிரியர் கூறியதை மாணவன் மறுத்துப் பேசலாமா? சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் இந்தக் கேள்வியைக் கடிதத்தில் எழுதிக் கேட்டிருந்தார். நம் நாட்டுக் கல்லூரி ஒன்றில் தத்துவம் பயின்று முதல் வகுப்பில் தேறியவர் அவர். முதுகலைப் படிப்பிற்காகப் பிரிட்டனிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார்.

அங்கே பேராசிரியர் குறிப்புகள் சொல்லி எழுத வைப்பதில்லை. படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலை முன்கூட்டியே தந்துவிடுகிறார். மாணவர்கள் அவற்றைப் படித்துவிட்டு வந்து, ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து விவாதிக்கிறார்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ‘நீங்கள் கூறுவது எனக்குச் சரியாகப் படவில்லை’ என்று அவரிடமே சொல்கிறார்கள். நம் இளைஞரோ ஆறு வாரங்கள் வாய் திறக்கவில்லை. முதல் கட்டுரையில் நான்கு அறிஞர்களின் கருத்துகளை அழகாகத் தொகுத்து எழுதிக் கொடுத்தார். ‘இவை அவர்கள் எண்ணியவை. நீங்கள் எண்ணுவது என்ன?’ என்ற குறிப்புடனும் குறைந்த மதிப்பெண்ணுடனும் அது திரும்பி வந்தது.

‘மகராஜ், மதிப்பெண் குறைந்ததுகூடப் பெரிதல்ல. ஆசிரியரை எதிர்த்துப் பேசக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். இங்கே தேற வேண்டுமானால் அந்தப் பணிவை விட்டுவிட வேண்டும் போலிருக்கிறது. அப்படிப் பெறும் கல்வி எனக்குத் தேவைதானா?’ என்று கடிதத்தை முடித்திருந்தார்.

இது அவர் ஒருவருடைய வேதனை மட்டுமல்ல. வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளுக்கு உணவும் குளிரும் சில மாதங்களில் பழகிவிடுகின்றன. எளிதில் பழகாதது வகுப்பறைதான். ஏனெனில் அங்கே சோதிக்கப்படுவது அறிவு மட்டுமல்ல. நல்லொழுக்கம் என்று நாம் கருதி வந்த ஒன்றும்கூட.

ஆனால் வகுப்பறையில் நாம் காக்கும் மௌனம் முழுவதும் குருகுலத்திலிருந்து வந்ததுதானா? 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது, அவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்தது லண்டன் பல்கலைக்கழகம். அந்நாளில் அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாக இருந்ததே தவிர, பாடம் நடத்தும் இடமாக இருக்கவில்லை. அவ்வாறே இங்கும் கற்பிப்பது கல்லூரியின் வேலை, தேர்வு வைப்பது பல்கலைக்கழகத்தின் வேலை என்றாயிற்று. வினாத்தாளை வேறு யாரோ தயாரிக்கும்போது, ஆசிரியர் பாடத்தை முடித்தாக வேண்டும்; மாணவன் எழுதிக்கொண்டாக வேண்டும். ஐயம் கேட்க நேரம் ஏது? குருபக்தி என்று நாம் எண்ணியிருக்கும் மௌனத்தில் ஒரு பகுதி தேர்வு முறை நமக்குப் பழக்கிவிட்டதே ஆகும்.

மேலைநாட்டு முறைக்கும் அதற்கேயுரிய அடிப்படை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் மாணவன் பொதுவாக வாரந்தோறும் ஒரு கட்டுரை எழுதி, ஓரிருவர் மட்டுமே உள்ள சந்திப்பில் ஆசிரியர்முன் அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் 1810-இல் பெர்லின் பல்கலைக்கழகம் உருவாகக் காரணமாயிருந்த வில்ஹெல்ம் வான் ஹம்போல்ட், ஆசிரியர் மாணவனுக்காக இருப்பவர் அல்லர், இருவருமே அறிவுக்காக இருப்பவர்கள் என்று கருதினார். இந்தப் பார்வையில், ஆசிரியரிடம் ஐயத்தை மறைப்பதுதான் அவமரியாதை. தேடலில் உடன் வருபவரிடம் வழியில் கண்ட பள்ளத்தைச் சொல்லாமல் விடுவது போன்றது அது.

நம் மரபு இதற்கு அந்நியமானதா? சாந்தோக்கிய உபநிஷதத்தில் வரும் இந்திரன், விரோசனன் கதையைப் பலரும் அறிவோம். இருவரும் ஆத்மாவை அறிய விரும்பிப் பிரஜாபதியிடம் 32 ஆண்டுகள் மாணவர்களாக வாழ்ந்தனர். நீரில் தெரியும் பிரதிபிம்பத்தைக் காட்டி அவர் உபதேசித்ததும் இருவரும் நிறைவுடன் திரும்பினர். விரோசனன் உடலே ஆத்மா என்று முடிவு செய்து, அதையே தன் மக்களுக்குப் போதித்தான். இந்திரனுக்கோ பாதி வழியில் ஐயம் எழுந்தது. உடல் குருடானால் பிரதிபிம்பமும் குருடாகுமே; உடல் அழிந்தால் அதுவும் அழியுமே! அவன் திரும்பி வந்தான், கையில் சமித்துடன் வந்தான். சமித்து மாணவனின் பணிவுக்கு அடையாளம். பிரஜாபதி கோபிக்கவில்லை, அவன் ஐயம் சரியே என்று ஏற்று, மேலும் தங்கும்படி கூறினார். இவ்வாறு மூன்று முறை திரும்பி வந்து, மொத்தம் 101 ஆண்டுகள் தங்கியே இந்திரன் உண்மையை அறிந்தான்.

மறுப்பின்றி ஏற்றுக்கொண்டவன் தவறான முடிவோடு நின்றுவிட்டான். மறுத்தவன் உண்மையை அடைந்தான். ஐயமும் பணிவும் ஒரே மனிதனிடம் ஒருங்கே இருக்க முடியும் என்பதற்கு அந்தச் சமித்தே சான்று.

எனினும் எல்லாக் கேள்வியும் இந்திரனின் கேள்வி ஆகிவிடாது. நூலைத் திறந்தும் பாராமல், பேசினால் போதும் என்று பேசுபவர்கள் மேலைநாட்டு வகுப்புகளிலும் உண்டு. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? கேட்ட பிறகு அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். இந்திரன் ஒவ்வொரு கேள்விக்கும் விலை கொடுத்தான், பதிலுக்காகத் தங்கினான். தங்கத் தயாராக இல்லாதவனின் கேள்வி வெறும் ஆரவாரமே.

இளைஞருக்கு இதையே எழுதினேன்: ‘நீங்கள் விட வேண்டியது பணிவை அல்ல, அச்சத்தை. இரண்டும் ஒரே உடையை அணிந்து வருவதால் மயங்கிவிட்டீர்கள். ஒவ்வொரு வகுப்பிற்கும் முன் நூலை இருமுறை படியுங்கள். உண்மையாகவே புரியாத ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, அதை மட்டும் கேளுங்கள். கட்டுரையில் பிறர் சொல் எது, உங்கள் சொல் எது என்பதைத் தெளிவாகப் பிரித்து எழுதுங்கள். பிறருடையதை அவர் பெயரோடு கூறுவதும் மரியாதைதான்.’

விடுமுறையில் அவர் நேரில் வந்தபோது வேறொரு சங்கடத்தைச் சொன்னார். கல்லூரியில் அவருக்குத் தத்துவம் கற்பித்த முதியவர் சொல்லி எழுத வைத்த குறிப்பேட்டை அவர் பத்திரமாக வைத்திருந்தார். உலகம் மனத்தின் கற்பனையே என்று காண்ட் கூறியதாக அதில் இருந்தது. மூல நூலைப் படித்தபோது அது பிழை என்று தெரிந்தது. அத்தகைய வாதத்தை மறுப்பதற்கென்றே காண்ட் 1787-இல் வெளிவந்த தம் இரண்டாம் பதிப்பில் தனிப் பகுதி ஒன்றைச் சேர்த்திருக்கிறார். இதை அந்த முதியவரிடம் சொல்வதா, வேண்டாமா? ‘அவரிடமே போய்க் கேளுங்கள், திருத்தப் போகாதீர்கள்’ என்றேன்.

அவர் சென்று நூலையும் குறிப்பேட்டையும் முன்னே வைத்து, தமக்குப் புரியவில்லை என்றார். முதியவர் நெடுநேரம் படித்தார். பிறகு பேனாவை வாங்கி, தாம் சொன்ன வரியைத் தாமே அடித்துவிட்டு, ‘இதை இத்தனை ஆண்டுகளாக எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தேனோ! ஒருவராவது வந்து கேட்டிருக்கலாமே’ என்றாராம்.

கேட்காமல் காத்த மரியாதையால் அந்த ஆசிரியருக்கு என்ன நன்மை விளைந்தது? நம் பிள்ளைகள் எந்த நாட்டிற்குச் சென்று பயின்றாலும், இந்தக் கேள்வியையும் தங்களோடு எடுத்துச் செல்லட்டும்.