பாதிச் சாட்சி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நெம்மேலியில் என் மகன் வீட்டில் ஃபஜ்ரைத் தொழுதுவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம், நானும், முந்தின நாள் மண்ணடியிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு ஹாஜியாரும். கடற்காற்று இதமாக வீசிக்கொண்டிருந்தது. திடீரென்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் உறுமல் எழுந்தது. ஞாயிறு விடிந்தால் இது வழக்கம். சென்னையிலிருந்து விலையுயர்ந்த மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மகாபலிபுரத்தை நோக்கிப் பறக்கும். மீன் கூடையைத் தலையில் வைத்த பெண்கள் சாலையைக் கடக்க முடியாமல் ஓரத்தில் காத்து நிற்பார்கள்.

ஹாஜியார் கண்களை மூடிக்கொண்டார். "எட்டு சிலிண்டர், அமெரிக்க இஞ்சின். மஸ்டாங்காகத்தான் இருக்கும்" என்றார். எட்டிப் பார்த்தேன். மஞ்சள் நிற ஃபோர்டு மஸ்டாங் ஒன்று கண் சிமிட்டும் நேரத்தில் கடந்து போயிற்று. எழுபத்தைந்து வயதில், எதிரில் நிற்பவர் பேசுவதே சரியாகக் கேட்காத செவிக்கு அந்த ஓசை மட்டும் துல்லியமாக எட்டியிருக்கிறது!

இவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் அத்தா மண்ணடியில் ஒரு வியாபாரியின் வீட்டில் காரோட்டியாக இருந்தவர். அந்த முதலாளியின் மகன்தான் இவர். சிறு வயதில் 'சின்ன முதலாளி' என்று அழைத்த பழக்கம், இன்றும் சில வேளை என் நாவில் அப்படியே வந்துவிடுகிறது. அவர் சிரித்துக்கொள்வார்.

அந்த உறுமல் அவரைப் பேச வைத்துவிட்டது. "வாப்பா 1966ல் ஷெவர்லே இம்பாலா வாங்கினார்கள், தம்பி. தூதரக அதிகாரிகள் ஊர் திரும்பும்போது விட்டுப் போகும் கார்களை அரசு வர்த்தகக் கழகம் விற்குமே, அப்படி வந்தது. 1960ஆம் வருஷ மாடல். இளநீலம். பதினேழரை அடி நீளம். 283 கன அங்குல இஞ்சின்!" நம் கணக்கில் அது 4,600 சி.சி.க்கும் மேல். அந்நாளில் நம் நாட்டுச் சாலைகளை நிறைத்திருந்த அம்பாசிடரின் இஞ்சின் 1,489 சி.சி. மூன்று அம்பாசிடர்களின் வலிமை ஒரே மூடியின் கீழ் அடங்கியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அந்தக் கார் வந்து நின்றால் தெருவே திரும்பிப் பார்க்குமாம். கிராமப்புறங்களில் காரைப் 'பிளஷர்' என்று சொன்ன காலம் அது. அந்தப் பெயருக்கு முற்றிலும் தகுதியான வண்டி.

பிறகு 1973 வந்தது. அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. மூன்று டாலராக இருந்த பீப்பாய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரைத் தொட்டது. நம் நாட்டிலும் பெட்ரோல் விலை மளமளவென ஏறிற்று. லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே கொடுக்கும் காரை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? புதுப்பேட்டையில் அந்த எட்டு சிலிண்டர் இஞ்சினைக் கழற்றிவிட்டு, சென்னையிலேயே சிம்சன் கம்பெனியார் தயாரித்த பெர்கின்ஸ் டீசல் இஞ்சினைப் பொருத்தினார்கள். அக்காலத்தில் பெரிய அமெரிக்கக் கார்கள் பலவற்றுக்கும் நேர்ந்த கதி இதுதான். "வண்டி ஓடிற்று தம்பி, குரல் போய்விட்டது" என்று சொல்லும்போது ஹாஜியாரின் கண்கள் கலங்கிவிட்டன.

இந்த ஏக்கம் அவருக்கு மட்டும் உரியதன்று. 1960களில் அமெரிக்காவில் 'மஸில் கார்' என்று ஒரு வகை தோன்றியது. நாம் 'புஜபலக் கார்' எனலாம். நடுத்தர உடம்பில் மிகப் பெரிய இஞ்சினைப் பொருத்தி, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையில் விற்றார்கள். 1964ல் வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. காரில் 6.4 லிட்டர் இஞ்சின், 325 குதிரை சக்தி. இரண்டாண்டுகளில் கிரைஸ்லர் கம்பெனியார் 'ஹெமி' என்ற 7 லிட்டர் இஞ்சினைச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள், 425 குதிரை சக்தி! அவற்றை வைத்திருந்தவர்கள் முதுமையில் சொல்லும் நினைவுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். முதல் சம்பளத்தில் வாங்கியது, குளிர்காலக் காலையில் இஞ்சின் கிளம்பிய ஓசை, சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரோடு போட்ட பந்தயம், குழந்தை பிறந்ததும் விற்றது, விற்றதை எண்ணி ஆயுள் முழுவதும் வருந்தியது. சேஸிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அதே காரைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களும் உண்டு.

இரும்பின் மீது இத்தனை அன்பு வைப்பது ஆகுமா? இதைத்தான் ஹாஜியார் என்னிடம் கேட்டார். "ஹஜ் செய்துவிட்டேன், தாடியும் நரைத்துவிட்டது. இன்னும் அந்த இஞ்சின் கனவில் வருகிறது. இது பெருமையில் சேருமா, தம்பி?"

அவசரப்பட்டு 'சேரும்' என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருமறை குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் சவாரிக்காக மட்டுமன்றி அலங்காரமாகவும் படைத்ததாகக் கூறுகிறது. நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைப்பான் என்று அதே வசனம் தொடர்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். பழக்கிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரை என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வேகத்தை ரசிப்பதே குற்றம் என்றால் இது நடந்திருக்குமா?

ஆனால் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு ஹதீஸ் உண்டு. குதிரை ஒருவனுக்கு நற்கூலி, ஒருவனுக்குத் திரை, ஒருவனுக்குச் சுமை என்று மூன்று வகை அதில் வருகிறது. பெருமைக்காகவும் பிறர் பார்ப்பதற்காகவும் கட்டி வைத்தவனுக்கே அது சுமை. குதிரை ஒன்றுதான், கட்டி வைத்தவனின் நிய்யத்துதான் வேறு. அப்போது ஒருவர் கழுதையைப் பற்றிக் கேட்டாராம். அதற்கென்று தனியாக எதுவும் இறங்கவில்லை, அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் கண்முன் வரும் என்ற வசனமே அதற்கும் போதும் என்ற கருத்தில் பதில் வந்தது. காரைப் பற்றி நாம் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஸாத் அத்தியாயத்தில் வருகிறது. மாலை நேரத்தில் உயர்ந்த ஜாதிக் குதிரைகள் அவர்கள் முன் நிறுத்தப்பட்டன. பார்த்துக்கொண்டே இருந்ததில் பொழுது மறைந்துவிட்டது. மீண்டும் கொண்டுவரச் சொல்லி, அவற்றின் கால்களிலும் கழுத்துகளிலும் கை வைத்தார்கள். எதற்காக? தொழுகைக்குத் தடையானவற்றை அறுத்து தர்மமாக்கிவிட்டார்கள் என்று விரிவுரையாளர்களில் ஒரு சாரார் கூறுவர். இல்லை, அன்போடு தடவிக்கொடுத்தார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. இமாம் தபரீ அவர்களும் இதையே ஏற்றமானதாகக் கொள்கிறார்கள். ஒரே வசனத்தில் கத்தியைக் கண்டவர்களும் உண்டு, தடவும் கையைக் கண்டவர்களும் உண்டு. நான் ஹாஜியாருக்கு இரண்டாவதையே சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

(லுக்மான் (அலை) தம் மகனுக்குக் குரலைத் தாழ்த்தும்படி கூறிய உபதேசத்தையும், அங்கே கழுதையின் குரல் குறிப்பிடப்படுவதையும் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாலையில் பறக்கும் பிள்ளைகளுக்காக அதை வைத்திருக்கிறேன்.)

அத்தோடு பேச்சு முடிந்திருக்கலாம். ஆனால் என் மனத்தில் ஒன்று உறுத்தியது. ஒரு மணி நேரம் பேசியவர், அந்தக் காரை எட்டு ஆண்டுகள் ஓட்டிய என் அத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை! விடியுமுன் துடைத்து, இரவு வாசலிலேயே காவல் படுத்து, அதன் ஒவ்வொரு இருமலையும் அறிந்தவர் அவர்தானே? அந்த இஞ்சினின் கன அங்குலம் நினைவிருக்கிறது, ஓட்டிய மனிதர் நினைவில் இல்லை.

பழம்பெருமை பேசும் நினைவுகள் எல்லாமே இப்படிப் பாதிச் சாட்சிதான். பெரிய இஞ்சின்களின் கதையையே பாருங்கள். அந்த உயர் அழுத்த இஞ்சின்கள் 'தட்டாமல்' ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். அந்த ஈயம் புகையோடு வந்து தெருக் குழந்தைகளின் இரத்தத்தில் கலந்து மூளையைக் கெடுத்தது. அமெரிக்கா 1970களில் குறைக்கத் தொடங்கியது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில்தான் அது முற்றிலும் நின்றது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021ல் நிறுத்தியது. அமெரிக்கச் சாலைகளில் 1972ஆம் ஆண்டு மட்டும் 54,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 'அந்தக் காலத்துப் பெட்ரோல் வாசமே தனி' என்று கண் மூடி ரசிக்கும் நினைவில் இந்தக் குழந்தைகளுக்கும் இந்த மய்யித்துகளுக்கும் இடமில்லை.

என் மனக்குறையை மறைக்க முடியவில்லை. "அத்தாவும் அந்தக் காரைப் பற்றி ஒன்று சொல்லுவார், ஹாஜியார்" என்று தொடங்கினேன். எங்கள் வீட்டில் நூறு முறை சொல்லப்பட்ட கதை. 1969 கோடையில் ஒரு வியாழக்கிழமை. கோவளம் தமீம் அன்சாரி தர்காவுக்கு முதலாளி குடும்பத்தோடு புறப்படத் தாமதமாகிவிட்டது. மக்ரிப் தொழுகையைக் கோவளத்தில் ஜமாஅத்தோடு தொழ வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அத்தா மண்ணடியிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் விட்ட காரைக் கேளம்பாக்கத்தில் திருப்பி, முக்கால் மணி நேரத்தில் கோவளத்தில் நிறுத்தினார். பாங்கு முடியவும் இவர்கள் ஒளூச் செய்யவும் சரியாக இருந்ததாம். தொழுகைக்காக ஓட்டிய வேகம்! எங்களுக்கெல்லாம் அது பெரும் பெருமை. சுலைமான் (அலை) அவர்களுக்குக் குதிரையால் பொழுது தப்பியது, என் அத்தாவுக்குக் காரால் தொழுகை கிடைத்தது என்று நானே ஒரு முறை பயான் மஜ்லிஸில் சொல்லியிருக்கிறேன். அல்லாஹ் மன்னிப்பானாக.

ஹாஜியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்தச் சைக்கிள்காரரைப் பற்றி அத்தா சொல்லவில்லையா?"

சொல்லவில்லை. ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

கேளம்பாக்கம் உப்பளங்களை ஒட்டிய வளைவில் ஒருவர் உப்பு மூட்டையை வைத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். காரின் பின்பக்கம் இடித்திருக்கிறது. மனிதர் ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம், சைக்கிள் பள்ளத்தில். அத்தா பிரேக்கில் கால் வைத்தார். பின் இருக்கையிலிருந்து முதலாளி "நேரமாச்சு, போ" என்றார். கார் போய்விட்டது. "அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்ததைப் பின் கண்ணாடியில் பார்த்தேன். அது வரை தெரியும்" என்றார் ஹாஜியார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. "மறுநாள் உன் அத்தா லீவு கேட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கேளம்பாக்கம் போனார். ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வாப்பாவிடம் வந்து சொன்னார். வாப்பா பதில் பேசவில்லை."

என் வாய் அடைத்துப் போயிற்று. அவருடைய நினைவில் அத்தா இல்லை என்று குறைபட்டேன். என் நினைவில் அந்தச் சைக்கிள்காரர் இல்லை. அத்தாவும் எங்களுக்குப் பாதியைத்தான் தந்துவிட்டுப் போனார். ஆனாலும் மறுநாள் பஸ் ஏறிப் போன அந்த நல்ல பாதியையும் அவர் சொல்லவில்லையே என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று இரண்டையும் விழுங்கிவிட்டார் போலும்.

தொழுகைக்கு வரும்போது ஓடாதீர்கள், அமைதியாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுது தவறியதை நிறைவு செய்யுங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த முறை. ஒரு ரக்அத் தவறினால் எழுந்து நின்று தொழுதுவிடலாம். அந்த உப்பளத் தொழிலாளியின் ஹக்கை எந்த ரக்அத்தில் நிறைவு செய்வது? அவர் எந்த மதத்தவர் என்று தெரியாது. ஹக்குக்கு அந்தக் கேள்வி இல்லை. அல்லாஹ் தனக்குரியதைத் தன் கிருபையால் மன்னிப்பான், அடியானுக்குரியதை அந்த அடியானே மன்னிக்க வேண்டும் என்று மதரஸாவில் ஓதிய பாடம்தான். வாகனம் ஏறும்போது ஓதும் துஆவிலும், இதை வசப்படுத்தும் சக்தி எங்களுக்கு இல்லை என்று சொல்லித்தானே ஏறுகிறோம்? அன்று அந்தக் காரிலும் அதை ஓதியிருப்பார்கள். 4,600 சி.சி. கையில் இருக்கும்போது அந்த வாக்கியம் நாவோடு நின்றுவிடுகிறது.

இதை அச்சில் எழுத வேண்டுமா என்று என் மகன் தயங்கினான். மண்ணறையில் இருக்கும் பாட்டனாரைப் பற்றி ஊருக்குச் சொல்வானேன் என்றான். நியாயமான தயக்கம்தான். ஆனால் உங்களுக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கு எதிராக இருந்தாலும் நீதியோடு சாட்சி சொல்லுங்கள் என்ற கட்டளை அந்நிஸா அத்தியாயத்தில் இருக்கிறது. இத்தனை நாள் அத்தாவுக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னவன் நான்.

அன்று பத்து மணிக்கு நானும் ஹாஜியாரும் திருப்போரூர் வழியாகக் கேளம்பாக்கம் போனோம், வாடகைக் காரில், மெதுவாக. உப்பளங்களின் பக்கம் அடுக்கு மாடிகள் எழும்பியிருக்கின்றன. வளைவு எது என்று ஹாஜியாருக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு டீக்கடைகளிலும், உப்பளத்தில் வேலை செய்த ஒரு முதியவரிடமும் விசாரித்தோம். பயனில்லை. திரும்பி வந்து ஓர் ஆலிம் ஸாஹிபைக் கண்டு கேட்டோம். உரியவரைத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் அவர் பெயரால் தர்மம் செய்ய வேண்டும், பின்னர் அவரோ வாரிசுகளோ வந்து கேட்டால் அவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்றார்கள். சைக்கிள், மூட்டை உப்பு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலி என்று இன்றைய விலையில் கணக்குப் போட்டு, ஹாஜியார் பாதியும் நான் பாதியுமாக எடுத்து வைத்திருக்கிறோம். ஹாஜியார் முழுவதையும் தானே தருவதாகச் சொன்னார். 'போ' என்ற சொல் தன் வாப்பாவுடையது என்பது அவர் வாதம். கால் என் அத்தாவுடையது என்று நான் விடவில்லை.

வாசகச் சகோதர சகோதரிகளில் கேளம்பாக்கம், கோவளம், தையூர், திருப்போரூர்ப் பக்கத்தவர் இருந்தால், உங்கள் அக்கம்பக்கத்து முதியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். 1969 கோடைகாலம், வியாழக்கிழமை மாலை, மக்ரிபுக்குச் சற்று முன். இளநீல நிறப் பெரிய கார். காரின் எண்ணை ஹாஜியார் மறக்கவில்லை. விசாரித்து வருபவருக்குச் சொல்லுவார். விழுந்தவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், தலையில் துண்டு கட்டியிருந்தார் என்பது ஒன்றுதான்.