தகுதி எனும் தடைக்கல்

பெண்ணினம் வலிவற்றது, நெடுவழிச் சைக்கிள் பந்தயம் அதற்கு ஆகாது என்றனர் பழமை பேசுவோர். ஆகாதெனில் தடை எதற்கு? இயலாமையே தடுத்திருக்குமே!

1924-ஆம் ஆண்டிலே, இத்தாலி நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் 90 பேர் புறப்பட்டனர். அவர்களுள் ஒரே பெண், அல்ஃபோன்சினா ஸ்ட்ராடா. வழியில் சைக்கிளின் கைப்பிடி முறிந்தது. துடைப்பக் கம்பைப் பொருத்தி ஓட்டினார். பெண்ணின் கைக்கு அதுதான் உரியதென்று சமுதாயம் தந்த கம்பு, அன்று பாதையை வெல்லப் பயன்பட்டது! நேரம் கடந்ததால் வரிசையினின்று நீக்கப்பட்டார். ஆயினும் விடாது ஓட்டி, 3,613 கிலோமீட்டரையும் கடந்து மிலான் நகர் சேர்ந்தார். ஆடவரில் முடித்தவர் 30 பேரே. இடையில் விலகியோரைக் காட்டி, ஆணினம் வலிவற்றது என்று எவரும் எழுதவில்லை! அவருக்கோ அப்பந்தயத்தின் கதவு பின்னர் அடைக்கப்பட்டது.

2021-இல்தான் பாரிஸ்–ரூபே பந்தயம் பெண்களுக்குத் திறந்தது. வென்ற லிசி டெய்க்னனுக்குப் பரிசு 1,535 யூரோ. வென்ற ஆடவருக்கு 30,000. பெண்கள் ஓட்டிய தொலைவு குறைவு என்பர். தொலைவு பாதிக்குச் சற்றே குறைவு. பரிசோ ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு! அத்தொலைவைக் குறைத்தவரும் பெண்கள் அல்லரே!

வாய்ப்பை மறுத்துவிட்டு வலிவில்லை என்பது ஆராய்ச்சியன்று, ஆதிக்கம். இளைஞர்களே! தகுதி பேசுவோரைக் கண்டால், தடை போட்டவர் யார் என்று முதலில் கேளுங்கள்.