புகையும் கருதலும்

தெஹியோவிட்டயிலிருந்து தெரணியகலை போகும் ரோட்டில் என் பழைய டீசல் கொரோல்லா நீலப் புகை கக்கியது. கராஜில் பாஸ் ஒயில் மூடியைத் திறந்தார்; உள்ளங்கையில் குப்குப்பென்று சூடான மூச்சு. அழுத்தம் பார்த்தார்: மூன்றாம் சிலிண்டர் மட்டும் தாழ்வு. உள்ளே துளி ஒயில் விட்டதும் முள் ஏறியது.

"ரிங் தேஞ்சிருச்சுங்க சேர். வால்வுன்னா ஏறாது."

13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் கொள்ளும் அளவைகள், அதாவது அறியும் வழிகள், காட்சி, கருதல், உரை. புகையால் நெருப்பை அறிவது கருதல். பாஸ் ரிங்கைக் காணவில்லை; ஆனாலும் அவர் சொன்னதை நான் நம்புகிறேன். செம்பில் களிம்பாய் உயிரோடு ஒட்டிய ஆணவத்தையும் கண்டதில்லை. மகனிடம் சீறியபின் தொண்டையில் எஞ்சும் கசப்பைக் கண்டிருக்கிறேன். அந்தப் புகை எனக்குப் போதும்.

ரிங்கை மாற்றலாம். ஆணவமோ அழியாது, வலியடங்கும் என்கிறது சித்தாந்தம். நாளை என்ஜினைப் பிரிக்கிறோம்; மகனையும் கூட்டிப் போகிறேன்.