பிள்ளை மடுவத்தின் முதல் வாரம்

சின்னப் பிள்ளையைப் பகல் பராமரிப்புக்குப் பழக்குவது எப்படி என்று கேட்டால் கைநிறைய யோசனை கிடைக்கும். பிடித்த பொம்மையைக் கொடுத்தனுப்புங்கள், இடத்தை முன்கூட்டியே காட்டுங்கள், சிரித்த முகத்தோடு கையசைத்துவிட்டு வாருங்கள் என்பார்கள். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் இவை யாவும் காலையில் கொஞ்சம் நேரம் கையிலிருக்கும் பெற்றோருக்குச் சொன்னவை. இலங்கையில் நானுஓயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். கொழும்பு உத்தியோகக் குடும்பங்களுக்கு 'டே கேர்' என்ற சொல் பழகுவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே பிள்ளை மடுவம் இருந்தது. பிள்ளைக் காம்பரா என்றும் சொல்வார்கள். இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது. பெயர் மாறிய அளவுக்கு முதல் நாள் மாறவில்லை. பனி விலகாத காலையில், துவாயில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தாய் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஓடுகிறாள். பிந்தினால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். பழக்கப்பட வேண்டியது பிள்ளை என்கிறோம். அதற்கு வேண்டிய நேரமோ தாயின் கையில் இல்லை, தோட்டத்தின் கையில் இருக்கிறது.

பிரிவுப் பயம் எல்லா வயதிலும் ஒரே அளவில் வருவதில்லை. மூன்று மாதக் குழந்தை கதகதப்பான எந்தக் கையையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பால்தான் பிரச்சினை. எட்டாம் மாதத்தை ஒட்டி ஆள் அடையாளம் உறுதிப்படுகிறது. அதிலிருந்து ஒன்றரை வயதுவரை தாய் கண்ணைவிட்டு மறைவதே பெருந்துயரம். ஆகவே 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்ததும் மடுவத்துக்கு வரும் பிள்ளையையும், பாட்டியிடம் வளர்ந்து ஒரு வயதில் வரும் பிள்ளையையும் ஒரே மாதிரிப் பழக்க முடியாது. ஒரு வயதில் வரும் பிள்ளைக்குத்தான் முன்னேற்பாடு அதிகம் வேண்டும். "மூன்று நாள் அழும், பிறகு சரியாகிவிடும், நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்" என்ற பதில் உடனே வரும். பெரும்பாலான பிள்ளைகள் பழகிவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் அழுகை நிற்பது மட்டும் பழகியதற்கு அடையாளமாகாது. 1952-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்துக் காட்டினார். மருத்துவர்கள் 'நல்ல பிள்ளை' என்று எண்ணியிருந்த அமைதிக்குள் எவ்வளவு துயரம் இருந்தது என்பதை அந்தப் படம் காட்டியது. இரவுபகலாய் மருத்துவமனையில் கிடப்பதும் மாலையில் வீடு திரும்புவதும் ஒன்றல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, சோற்றைத் தொடாத பிள்ளையை 'பழகிவிட்டது' என்று கணக்கெழுதக் கூடாது.

ஜெர்மனியில் பெர்லின் முறை என்று ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ பிள்ளையோடு அங்கேயே இருப்பார். பிள்ளையை விட்டுப் போக முயலவே மாட்டார். நான்காம் நாள்தான் சொல்லிவிட்டுச் சற்று நேரம் வெளியே போவார், அதுவும் அரைமணிக்கு மேல் இல்லை. பராமரிப்பவர் சமாதானப்படுத்தினால் பிள்ளை அடங்குகிறதா என்று பார்த்துப் பிறகே நேரத்தைக் கூட்டுவார்கள். இதில் 'சொல்லிவிட்டு' என்பது முக்கியம். நம்மிடம் பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிவிடும் வழக்கம் உண்டு. அழுகையைப் பார்க்காமல் போக அது தாய்க்கு உதவும். பிள்ளையோ அடுத்த நாளிலிருந்து சேலைத் தலைப்பை விடாது.

இங்கும் தாய் முதல் நாட்களில் சம்பளத்தோடு மடுவத்தில் இருக்கட்டும் என்றால், தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது, வேலை செய்யாத நாளுக்கு எப்படிப் பேர் போடுவது என்று நிர்வாகம் கேட்கும். கேட்பது கேட்கட்டும். நான் சொல்வது நான்கு காலைகள், அதுவும் ஒரு பிள்ளைக்கு ஒருமுறை. மனம் முழுக்க மடுவத்தில் இருக்கும் தாய் அந்த நாட்களில் எவ்வளவு கொழுந்து நிறுப்பாள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும். இதற்கான வித்து சட்டத்திலேயே இருக்கிறது. 1939-ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பிந்திய திருத்தங்களோடு, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை தருகிறது. மடுவம் இருந்தால் குறைந்தது அரைமணி, இல்லாவிட்டால் ஒரு மணி. மலையிலிருந்து இறங்கி, கொழுந்துச் சாற்றில் கறுத்த விரல்களைக் கழுவி, பால் கொடுத்து, திரும்ப ஏறும் நடையும் அந்த அரைமணிக்குள் அடங்க வேண்டுமானால் அது எந்த அரைமணி? ஆனாலும் தாய் வேலைக்கு நடுவே வந்துபோகலாம் என்ற கொள்கையை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. முதல் வாரம் அதன் நீட்சிதான்.

இன்னொரு தரப்பு, மடுவமே வேண்டாம், பாட்டி போதும் என்கிறது. பாட்டியின் மடிக்கு ஈடில்லை. ஆனால் எத்தனையோ லயங்களில் பாட்டியும் கொழுந்துக்குப் போகிறார், அல்லது நோயாளி. அதோடு, 2016-ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத் துறையில் 31.7. இந்த நிலையில், நேரத்துக்கு உணவு கொடுத்து, நிறையையும் கவனிக்கும் ஓர் இடத்தைத் தள்ளிவிட நமக்கு வசதியில்லை. பயந்த பிள்ளையோ சாப்பிடாது. மடுவத்தில் போடும் சத்துணவு வயிற்றுக்குள் போக வேண்டுமானால் கொடுக்கும் கை முதலில் பழகியிருக்க வேண்டும்.

தாய் செய்யக்கூடியவையும் சில உண்டு. தன் வாசனை போகாத பழைய சேலைத் துண்டைப் பிள்ளையோடு விட்டுப் போகலாம். பிள்ளை தூங்க எந்தப் பாட்டு வேண்டும், வயிறு வலித்தால் எப்படி முனகும் என்று பார்த்துக்கொள்பவரிடம் சொல்லலாம். நாலு வார்த்தை நின்று பேசவும் நேரம் வேண்டுமே! அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும் தொழிற்சங்கத்துக்காரர்களே, ரூபாவோடு சேர்த்து இந்த நான்கு காலைகளையும் கேளுங்கள்.