உறக்கமும் ஓர் அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



"இரவெல்லாம் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, ஓதிப் பாருங்கள் ஹஜ்ரத்" என்று பள்ளிக்கு வருபவர்கள் உண்டு. ஓதிப் பார்க்க மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது: உடல் எடை குறைய ஏதாவது சாப்பிடுகிறீர்களா? பலர் இதை வீட்டில்கூடச் சொல்வதில்லை. நிக்காஹ் தேதி குறித்த பெண் பிள்ளை, பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன ஒரு சொல்லுக்காகத் தாயிடமும் மறைத்துச் சாப்பிடுகிறாள்.

பசியை அடக்கும் மாத்திரைகளில் சில, மூளையையும் நரம்பையும் தூண்டித்தான் பசியை அடக்குகின்றன. அமெரிக்காவில் 1959 முதல் பயன்பாட்டில் உள்ள ஃபென்டர்மின் அப்படிப்பட்டது. பசியை விரட்டும் அதே தூண்டுதல் தூக்கத்தையும் விரட்டும். அதனால்தான் மருத்துவர்கள் அதைக் காலையில் சாப்பிடச் சொல்கிறார்கள். இதற்கு ஜின்னையும் கண்ணேறையும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தால், உண்மையான காரணம் கைப்பையிலேயே இருக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள். சிபுட்ரமின் என்ற மருந்தும் பசியை அடக்கியது, தூக்கத்தைக் கெடுத்தது, இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் கூட்டியது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் தெரிந்ததும் 2010இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. 2011இல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. ஆனாலும் 'மூலிகை', 'இயற்கை' என்று பெயர் ஒட்டிய எடை குறைப்புப் பொருட்களுக்குள் அதை ஒளித்து விற்பதைப் பல நாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியிலும், கைப்பேசி விளம்பரத்திலும் வருகின்ற சரக்குக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். தானியத்தின் ஈரத்தை மறைத்தவருக்கே இந்த எச்சரிக்கை என்றால், மருந்துக்குள் மருந்தை மறைத்து விற்பவரின் நிலை என்ன? தெரியாத பொருளை நம்பிக்கையின் பேரில் உறவினருக்கு விற்கும் சகோதர சகோதரிகளே, அல்லாஹ்வைப் பயந்துகொள்ளுங்கள்.

"தூக்கம் வராவிட்டால் என்ன, தஹஜ்ஜுத் தொழலாமே" என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். விழித்திருக்கும் நேரத்தில் தொழுவது நல்லதுதான். ஆனால் இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடமே, உடலுக்கும் கண்ணுக்கும் உரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். தூக்கத்தை ஓய்வாக ஆக்கியதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அல்லாஹ் நபஃ சூராவில் எண்ணிக் காட்டுகிறான். வணக்கத்திற்காகவே பறிக்கக் கூடாத கண்ணின் உரிமையை, இடுப்பளவுக்காகப் பறிக்கலாமா?

எடை குறைப்பது தவறல்ல. சர்க்கரை நோய், மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது அவசியம். மருந்து தேவையென்றால் தகுதியான மருத்துவரிடம் வாங்குங்கள். தூக்கம் கெட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அளவையோ நேரத்தையோ மருந்தையோ மாற்றுவார். நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம். மேலே ஒரு தூக்க மாத்திரையும் போட வேண்டாம். பெயர் தெரியாத மாத்திரையா? இன்றே நிறுத்திவிட்டு, டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். நெஞ்சு வலித்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

பெற்றோர்களே, மாமியார்களே! ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசும் முன் நாவைக் காத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவீர்கள், அவள் விழித்திருப்பாள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், எங்கள் கண்களுக்கு நிம்மதியான உறக்கத்தையும், எங்கள் வியாபாரத்தில் நேர்மையையும் தந்தருள்வாயாக. ஆமீன்.